கருத்தடை ஆலோசனை சொல்வது எப்படி: புதிதாக வேலைக்கு வந்த செவிலியர்களுக்கு முழு வழிகாட்டி

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரசவ அறையில் வலியில் துடித்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் போய் "காப்பர் டி வச்சிரலாமாம்மா?" என்று கேட்பேன், கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம் அது. அவள் தலையை ஆட்டுவாள். ஆமாம் என்றா, வேண்டாம் என்றா, வலி தாங்காமலா என்று நிதானித்துப் பார்க்க யாருக்கு நேரம்? ஒரு கையெழுத்து, பதிவேட்டில் "ஆலோசனை வழங்கப்பட்டது" என்று ஒரு வரி, அடுத்த ஆள். பிறகு ஒருநாள், நாலு மாதமாக உதிரப்போக்கு நிற்காமல் தனியாரிடம் ஸ்கேன் எடுத்துவிட்டு ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். "ஏனுங்க சிஸ்டர், எனக்குள்ள காப்பர் டி இருக்குதுன்னே ஸ்கேன்லதானுங்க தெரிஞ்சுது." பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து அவளுடையது, அந்த ஒரு வரி என்னுடையது.

அன்றைக்குத்தான் ஆலோசனை என்றால் என்ன என்று யோசிக்கவே ஆரம்பித்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை நிலையத்திலோ புதிதாகச் சேர்ந்திருக்கும் செவிலியர்கள், ஆலோசகர்களுக்காக இதை எழுதுகிறேன். பயிற்சியில் எல்லா முறைகளையும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆள் வருவதற்கு முன்னால்

தனி அறை கிடைத்தால் பாக்கியம். கிடைக்காவிட்டால் ஒரு திரைச்சீலையாவது போடுங்கள், அதுவும் இல்லாவிட்டால் தடுப்பூசி கூட்டம் கலைந்த பிறகு மதியம் 2 மணிக்கு வரச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கும் பத்துப் பேர் காதில் விழும்படி "எத்தனை நாளைக்கு ஒருதடவை சேருவீங்க" என்று கேட்டால் எந்தப் பெண் உண்மை சொல்வாள்?

மேசையில் ஒரு தட்டு வையுங்கள். அதில் ஒரு காப்பர் டி, சாயா அட்டை (வாரக்கணக்கில் சாப்பிடும் கருத்தடை மாத்திரை), மாலா என் அட்டை (தினமும் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரை), நிரோத் ஆணுறை, அந்தரா என்ற கருத்தடை ஊசியின் மருந்துக் குப்பி, கர்ப்பப்பை படம். காப்பர் டியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் அது கத்தரிக்காய் அளவுக்கு இருக்கும் என்று பயந்துகொண்டிருப்பார்கள், தொட்டுப் பார்த்ததும் "இவ்வளவுதானா?" என்பார்கள். பத்து நிமிடம் பேசிப் புரியவைக்க முடியாததை அந்த ஒரு நொடி செய்துவிடும். பிரஷர் பார்க்கும் கருவியும் கர்ப்பப் பரிசோதனை அட்டையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிச் சக்கரம், அதாவது எந்த நோய் இருப்பவருக்கு எந்த முறை ஆகும் ஆகாது என்று திருப்பிப் பார்க்கும் அந்த வட்ட அட்டை, உங்கள் நிலையத்தில் எங்கேயாவது பீரோவில் தூங்கிக்கொண்டிருக்கும். தேடி எடுத்து வையுங்கள்.

அப்புறம் மாமியார். பெண்ணோடு மாமியார் வந்தால் முக்கால்வாசிப் பதில் மாமியாரிடமிருந்துதான் வரும். வெளியே போங்கள் என்று சொல்ல முடியாது, சொன்னால் வீட்டுக்குப் போனதும் அந்தப் பெண்ணுக்குத்தான் வம்பு. நான் செய்வது இது: "அத்தை, உங்களுக்கு பிரஷர், சுகர் பாத்து எவ்வளவு நாளாச்சுங்க? அந்தப் பக்கம் சிஸ்டர் இருக்காங்க, ஒரு எட்டு பாத்துட்டு வந்துருங்க." பதினைந்து நிமிடம் கிடைக்கும், மாமியாருக்கும் நல்லது.

முதல் படி: கேளுங்கள், அவசரப்பட்டு எதையும் சொல்லாதீர்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். பெண் வந்து உட்கார்ந்ததும் காப்பர் டியில் ஆரம்பித்து ஆபரேஷன் வரை ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறோம். அவளுக்கு எது தேவை என்று தெரியாமலே ஒப்பித்தால், முடிவில் அவள் "நீங்களே ஒண்ணு சொல்லுங்க சிஸ்டர்" என்பாள், நாமும் அந்த மாத இலக்கில் எது குறைகிறதோ அதைச் சொல்லிவிடுவோம். மனசாட்சிக்குத் தெரியும்.

முதல் கேள்வி எப்போதும் இதுவாக இருக்கட்டும்: "இன்னொரு குழந்தை வேணுமா? வேணும்னா எப்போன்னு நினைச்சிருக்கே?" இந்த ஒன்றிலேயே பாதி வழி தெரிந்துவிடும். ஒரு வருஷத்தில் வேண்டும் என்பவளுக்கு அந்தரா ஊசி பொருந்தாது. இனி வேண்டவே வேண்டாம் என்பவளுக்கும் ஆபரேஷன்தான் என்று கட்டாயமில்லை. வைத்தால் 10 வருஷம் இருக்கும் காப்பர் டி 380ஏ அவளுக்கும் ஒரு வழிதான்.

அடுத்து, இதற்கு முன்னால் எதையாவது பயன்படுத்தினாளா, ஏன் விட்டாள்? இந்தக் கேள்விக்கு வரும் பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். "ஊசி போட்டேன், தீட்டே வரலை, ரத்தம் உள்ளேயே கட்டிக்கிச்சுன்னு பயந்துட்டேன்" என்றால் அவளுக்கு ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதிவிடாதீர்கள். யாரும் விளக்கிச் சொல்லவில்லை என்பதுதான் அங்கே நடந்தது.

வீட்டுக்காரர் எங்கே வேலை? லாரி ஓட்டுகிறார், இருபது நாளைக்கு ஒருமுறை வருகிறார் என்றால் கதை வேறு. வெளிநாட்டில் இருக்கிறார், வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வருவார் என்றால் அது இன்னொரு கதை. அவருக்குத் தெரிந்துதான் வந்தாளா, தெரியாமலா? தெரியக்கூடாது என்றால் ஏன் என்று அதட்டாதீர்கள். சில வீடுகளில் அதற்குக் காரணம் அடி. ஊசியென்றால் வீட்டில் மாத்திரை அட்டையும் இருக்காது, காப்பர் டியின் நூலும் தட்டுப்படாது. இதைத் தெரிந்துகொண்டே பல பெண்கள் அந்தராவைக் கேட்டு வாங்குகிறார்கள்.

கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது, குழந்தை பால் குடிக்கிறதா, குழந்தைக்கு எத்தனை மாதம், ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாளா, வெள்ளைப்படுதல் நாற்றத்தோடு இருக்கிறதா என்பதையெல்லாம் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். நாம் எழுத ஆரம்பித்ததும் அவர்கள் வாய் மூடிக்கொள்ளும்.

இரண்டாம் படி: கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வது

பரிசோதனை அட்டை தீர்ந்துபோனால் "தீட்டு வந்ததும் வா" என்று திருப்பி அனுப்புவது நம் ஊரில் வழக்கம். போனவள் அடுத்து வரும்போது மூன்று மாதக் கர்ப்பமாக வருவாள். அட்டை இல்லாமலே கேள்விகளால் உறுதி செய்யலாம். கீழே உள்ளதில் ஒன்றுக்கு ஆமாம் என்று சொல்லி, கர்ப்ப அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் போதும்:

- குழந்தைக்கு 6 மாதம் ஆகவில்லை, தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறாள், பிரசவத்துக்குப் பிறகு தீட்டு இன்னும் வரவில்லை (மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும்)
- கடைசித் தீட்டுக்கு அல்லது பிரசவத்துக்குப் பிறகு உறவே இல்லை
- குழந்தை பிறந்து 4 வாரம்தான் ஆகிறது
- தீட்டு ஆரம்பித்து 7 நாளுக்குள் இருக்கிறாள் (காப்பர் டி என்றால் 12 நாள்வரை சரி)
- கருச்சிதைவோ கருக்கலைப்போ ஆகி 7 நாளுக்குள்
- நம்பகமான ஒரு முறையைத் தவறாமல் பயன்படுத்தி வருகிறாள்

மூன்றாம் படி: உடம்பு என்ன சொல்கிறது

பிரஷர் பார்க்காமல் மாலா என் கொடுக்காதீர்கள். 140/90 தொட்டுவிட்டால் அந்த மாத்திரை வேண்டாம், வேறு முறைக்குப் போங்கள். ஒற்றைத் தலைவலி வருவதற்கு முன் கண்ணில் பூச்சி பறப்பது, மின்னுவது என்று சொல்பவர்கள், காலில் ரத்தம் உறைந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், குழந்தைக்கு 6 மாதம் ஆகாமல் பால் கொடுப்பவர்கள் யாருக்கும் மாலா என் கூடாது. காச நோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கும், வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமாசெபின் சாப்பிடுபவர்களுக்கும் அது சரியாக வேலை செய்யாது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் கரு தங்கிவிட்டது என்று ஒருத்தி வந்தால், திட்டுவதற்கு முன் அவள் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று பாருங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு அந்தரா ஊசி ஒரு நல்ல வழி, அந்த மருந்துகளால் அதன் வேலை கெடுவதில்லை.

அந்தரா யாருக்கு ஆகாது? பிரஷர் 160/100க்கு மேல் இருப்பவர்கள், பக்கவாதமோ இதய நோயோ வந்தவர்கள், மார்பகப் புற்றுநோய், காரணம் கண்டுபிடிக்காத உதிரப்போக்கு. குழந்தை பிறந்து 6 வாரம் ஆகாத, பால் கொடுக்கும் தாய்க்கும் இப்போது வேண்டாம், 6 வாரம் கழித்துப் போடலாம். சாயாவை சினைப்பையில் நீர்க்கட்டி இருப்பவர்கள், அண்மையில் மஞ்சள் காமாலை வந்தவர்கள், சிறுநீரக நோய், காச நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். காப்பர் டிக்குத் தடை என்றால் இடுப்புக்குழியில் தொற்று, கர்ப்பப்பையின் உருவமே மாறியிருப்பது, காரணம் தெரியாத உதிரப்போக்கு. இரத்தசோகை கடுமையாக இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகை இருக்கிறது, ஆகவே இமையை இழுத்துப் பார்த்துவிட்டு விடாமல் ஹீமோகுளோபின் எண்ணைப் பாருங்கள்.

நான்காம் படி: இப்போது சொல்லுங்கள், ஆனால் எல்லாவற்றையும் அல்ல

அவள் சொன்னதை வைத்து இரண்டு மூன்று முறைகளைத் தேர்ந்தெடுத்து அவற்றை மட்டும் விரிவாகச் சொல்லுங்கள், மற்றவற்றின் பெயரை மட்டும் சொல்லி "வேணும்னா அதையும் விளக்குறேன்" என்று விடுங்கள். எது எவ்வளவு பலன் தரும் என்பதற்குச் சதவீதம் வேண்டாம், ஊர்க்கணக்கு சொல்லுங்கள். "நம்ம ஊர்ல நூறு பொண்ணுங்க ஒரு வருஷம் ஒண்ணும் பயன்படுத்தாம இருந்தா 85 பேர் முழுகாம ஆயிருவாங்க. ஆணுறை போட்டா 13 பேர். மாத்திரைன்னா 7 பேர். ஊசின்னா 4 பேர். காப்பர் டின்னாலோ ஆபரேஷன்னாலோ ஒருத்தர்கூட ஆகறது அபூர்வம்." இவை மக்கள் நடைமுறையில் மறந்தும் தவறியும் பயன்படுத்துவதைச் சேர்த்த கணக்கு. "நாங்க ஜாக்கிரதையா இருந்துக்குவோம் சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்களே, அந்த முறையில் 20 பேர்.

*காப்பர் டி.* இரண்டு வகை இலவசமாகக் கிடைக்கும். 380ஏ என்றால் 10 வருஷம், 375 என்றால் 5 வருஷம். பிரசவத்தில் நஞ்சுக்கொடி விழுந்த 10 நிமிடத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வைக்கலாம், அது தவறினால் 6 வாரம் பொறுக்க வேண்டும். பிரசவத்தோடு வைப்பதாக இருந்தால் பேச்சு ஏழாம் மாதத்திலேயே, செக்கப்புக்கு வரும்போதே நடந்து முடிந்திருக்க வேண்டும். நான் மேலே சொன்ன என் கதைதான் காரணம்.

சொல்ல வேண்டியது: முதல் மூன்று முதல் ஆறு மாதம் தீட்டு அதிகமாகப் போகும், வலியும் இருக்கும், பிறகு பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். எப்போது எடுத்தாலும் உடனே கரு தரிக்கலாம். சில பேருக்குத் தானாக விழுந்துவிடும், முதல் சில மாதம் நூலைத் தொட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும். பிரசவத்தோடு வைத்தால் நூல் கீழே வர நாள் எடுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காணோம் என்று அலறுவார்கள். "நெஞ்சுக்கு ஏறிரும்", "வீட்டுக்காரருக்குக் குத்தும்", "உடம்பு சூடாயிரும்" என்பவை வரும். சிரிக்காதீர்கள். கர்ப்பப்பை படத்தைக் காட்டி, அது மூடிய பை, அங்கிருந்து நெஞ்சுக்கு வழியே இல்லை என்று விரலால் வரைந்து காட்டுங்கள்.

*அந்தரா.* 2017லிருந்து அரசு நிலையங்களில் வந்த ஊசி, 3 மாதத்துக்கு ஒன்று. தேதிக்கு 2 வாரம் முன்னாலும் 4 வாரம் பின்னாலும் போடலாம், ஆனால் இந்தச் சலுகையை முதலிலேயே சொல்லாதீர்கள், எல்லாரும் கடைசி நாளுக்குத்தான் வருவார்கள். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, ஒத்தடம் கொடுக்கக் கூடாது. பாட்டிமார்கள் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காமல் விடமாட்டார்கள், அதனால் பாட்டி இருந்தால் பாட்டியிடமும் சொல்லிவிடுங்கள்.

முதலில் தீட்டு தாறுமாறாக வரும், துளித்துளியாகப் படும், ஒரு வருஷம் ஆனால் பலருக்கு நின்றேவிடும். கெட்ட ரத்தம் தங்குகிறது என்ற பயம் இங்கேதான். நான் சொல்வது: "மாசாமாசம் கர்ப்பப்பை உள்ளே ஒரு மெத்தை போடும், குழந்தை வரலைன்னா அதைச் சுருட்டி வெளியே போடும். ஊசி போட்டா மெத்தையே போடாது. போடாத மெத்தையை எங்கிருந்து எடுத்து வெளியே போடறது?" இதைச் சொன்னால் பெரும்பாலோர் சிரித்துவிட்டு ஒத்துக்கொள்வார்கள். நிறுத்திய பிறகு குழந்தை தங்குவதற்கு, கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம் ஆகும் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எடை ஓரிரு கிலோ கூடலாம். எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறையும், நிறுத்தினால் திரும்ப வந்துவிடும்.

*சாயா.* இது ஹார்மோன் மாத்திரை அல்ல. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான மருந்து. பால் கொடுப்பவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். தீட்டு வந்த முதல் நாளில் ஆரம்பிக்க வேண்டும். முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. குழப்பமே இந்த நாள்கணக்கில்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தால் ஞாயிறும் புதனும், திங்கள் என்றால் திங்களும் வியாழனும், செவ்வாய் என்றால் செவ்வாயும் வெள்ளியும். மூன்று மாதம் முடிந்ததும் முதலாவது நாள் மட்டும். நான் தினசரி காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுக்கிறேன், சிலர் சந்தை நாளோடு சேர்த்து நினைவு வைத்துக்கொள்கிறார்கள். ஒன்றிரண்டு நாள் மறந்துவிட்டால் நினைவு வந்ததும் சாப்பிட்டுவிட்டு, வழக்கமான நாளைத் தொடர்ந்து, அடுத்த தீட்டு வரும்வரை ஆணுறையும் பயன்படுத்த வேண்டும். 7 நாளுக்கு மேல் விட்டால் புதிதாக ஆரம்பிப்பது போல மறுபடி வாரத்துக்கு இரண்டு. நாள் தள்ளிப்போவது சகஜம், ஆனால் 15 நாளைத் தாண்டினால் பரிசோதனை.

*மாலா என்.* 28 மாத்திரை, 21 வெள்ளை, மீதி 7 இரும்புச்சத்து. தினமும் ஒரே நேரம். ஒன்று மறந்தால் நினைவு வந்ததும் ஒன்று, இரண்டோ அதற்கு மேலோ என்றால் 7 நாள் ஆணுறையும் சேர்த்து. அவ்வளவுதான், இதில் சொல்ல அதிகம் இல்லை. அட்டையை மாமியார் கண்ணில் படாமல் எங்கே வைப்பாள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

*ஆணுறை.* நிரோத் 1968லிருந்து இருக்கிறது, இன்னமும் அதைக் காகிதத்தில் சுற்றித்தான் கொடுக்கிறோம். பால்வினை நோய்களையும் எச்ஐவியையும் தடுப்பது இது ஒன்றுதான். ஆகவே தேவைப்பட்டால் வேறு முறையோடு சேர்த்துக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: ஆபரேஷன் கேட்பவர்களிடம்

தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாட்டு (கு.க.) ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், ஆண்களோ ஒரு சதவீதம்கூட இல்லை. இங்கே கருத்தடை என்றாலே பெண்ணின் வயிறுதான் என்று ஆகிவிட்டது. ஆபரேஷனுக்கு நான் எதிரி இல்லை, தெளிவாக முடிவு செய்தவளுக்கு அது நிம்மதி. ஆனால் இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதில் செய்துவிட்டு, முப்பதில் குழந்தையைப் பறிகொடுத்தோ மறுமணம் செய்தோ "அவுத்து விட முடியுமா சிஸ்டர்" என்று வருகிறவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கேள்விக்கு நம்மிடம் நல்ல பதில் கிடையாது.

விதிகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மணமானவராக இருக்க வேண்டும், பெண்ணுக்கு 22 முதல் 49 வயது, குறைந்தது ஒரு குழந்தை, அந்தக் குழந்தைக்கு ஒரு வயது முடிந்திருக்க வேண்டும் (மருத்துவக் காரணம் இருந்தால் விலக்கு உண்டு). கணவர் கையெழுத்து தேவையே இல்லை, அவளுடைய சம்மதம் போதும். இதை நான் பத்து தடவையாவது சக ஊழியர்களிடம் வாதாடியிருக்கிறேன், இன்னமும் "எதுக்கும் அவர்கிட்டயும் ஒண்ணு வாங்கிருங்க" என்பார்கள். வலியிலோ மயக்க மருந்திலோ இருப்பவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. ஆபரேஷன் செய்யாவிட்டால் சலுகை நின்றுவிடும் என்று வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள்.

இந்த விதிகள் சும்மா வரவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில், ஒரே நாளில் எண்பதுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அவசர அவசரமாக முகாமில் ஆபரேஷன் செய்ததில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொன்னது.

ஆபரேஷனும் தவறலாம், ஆயிரத்தில் ஐந்து பேருக்கு முதல் வருஷத்திலேயே. ஆகவே நாள் தள்ளினால் "எனக்குத்தான் பண்ணியாச்சே" என்று இருக்காமல் உடனே வரச் சொல்லுங்கள், கரு குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கு ஆபத்து. ஆபரேஷன் தவறினால் அரசின் இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, அதற்கு 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், டிஸ்சார்ஜ் சீட்டையும் சான்றிதழையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

ஆண்களிடம் பேசுவது

ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனான வாசக்டமிக்குக் கத்தியே வேண்டாம், ஒரு சின்னத் துளை, தையல் கிடையாது, கால் மணி நேர வேலை, இரண்டு நாள் ஓய்வு. பெண்ணின் ஆபரேஷனோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. இருந்தும் யாரும் வருவதில்லை. 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களை வலுக்கட்டாயமாகப் பிடித்துப் போய்ச் செய்த பயம் நாட்டின் பல பகுதிகளில் இன்னும் விலகவில்லை, அதோடு "தறி ஓட்ட முடியாது, மூட்டை தூக்க முடியாது, அது எழும்பாது" என்ற பேச்சு.

பெண் செவிலியர் சொன்னால் அவர்கள் தரையைப் பார்ப்பார்கள். சுகாதார ஆய்வாளரை வைத்துப் பேசச் சொல்லுங்கள், இன்னும் நல்லது ஏற்கெனவே செய்துகொண்ட ஒருவரைப் பேச வைப்பது. எங்கள் பக்கம் ஒரு டிரைவர் இருக்கிறார், டீக்கடையில் அவர் "மூணாம் நாள் வண்டி எடுத்துட்டேன்டா" என்று சொல்வதற்கு முன்னால் என் படமெல்லாம் ஒன்றுமில்லை. கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. செய்த அன்றே பலன் வராது. 3 மாதம் ஆணுறை, அப்புறம் விந்துப் பரிசோதனை, அதில் அணு இல்லை என்று வந்த பிறகுதான் விட வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் இரண்டாம் மாதம் மனைவி கர்ப்பமாவாள், ஊரே அவளைச் சந்தேகமாகப் பார்க்கும். ஒரு குடும்பமே உடைவதை இதனால் பார்த்திருக்கிறேன்.

அவசரமாக வருபவர்கள்

ஆணுறை கிழிந்துவிட்டது, மாத்திரை மறந்துவிட்டது, விருப்பமில்லாமல் நடந்துவிட்டது என்று வருபவர்களுக்கு 72 மணி நேரத்துக்குள் அவசர மாத்திரை, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 5 நாளுக்குள் காப்பர் டி வைத்தாலும் தடுக்கும், மாத்திரையைவிட நன்றாகவே. அவசர மாத்திரை கருவைக் கலைக்காது, முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகளில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், ஆகவே நம்மிடம் இருப்பு இருக்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள். கேட்டு வருபவள் மணமாகாதவள் என்றால் கழுத்தைப் பார்க்காதீர்கள். தாலி இருக்கிறதா என்று நம் கண் தானாகப் போகும், எனக்கும் போகும், கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும்.

கரு தங்கிவிட்டிருந்தால், கருத்தடை தவறியது என்ற காரணத்துக்காக 20 வாரம்வரை கலைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, 2021 திருத்தத்துக்குப் பிறகு மணமாகாதவர்களுக்கும். 18 வயது ஆனவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். கலைத்த பிறகு இரண்டே வாரத்தில் மறுபடி கரு தரிக்கக்கூடும் என்பதால் அன்றைக்கே கருத்தடையைப் பேசுங்கள். "இனி அப்படியே இருந்துக்கறேன்" என்பதை நம்பி அனுப்பாதீர்கள், ஆனால் கலைப்பதற்கு நிபந்தனையாக எதையும் மாட்டவும் கூடாது.

கடைசிப் படி: அவள் வாயால் திரும்பச் சொல்ல வைப்பது, மறுபடி வரும்போது பார்ப்பது

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, "வீட்டுக்குப் போய் உங்க வீட்டுக்காரர்கிட்ட இதை எப்படிச் சொல்லுவே, சொல்லு பாக்கலாம்" என்று கேளுங்கள். எங்கே இடறுகிறாளோ அதை மட்டும் மறுபடி சொல்லுங்கள். அட்டையில் மூன்று விஷயம் எழுதிக் கொடுங்கள்: அடுத்து வர வேண்டிய தேதி, எது நடந்தால் உடனே வர வேண்டும் (தாங்க முடியாத அடிவயிற்று வலி, காய்ச்சலோடு நாற்றமுள்ள வெள்ளை, நாள் தள்ளுவது, காலில் வீக்கத்தோடு வலி), உங்கள் நிலையத்தின் எண். யோசித்துவிட்டு வருகிறேன் என்றால் ஆணுறை கொடுத்து அனுப்புங்கள், வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்.

இரண்டாவது வருகைதான் உண்மையான பரீட்சை. மாதம் ஒன்று கழித்து முகத்தைச் சுளித்துக்கொண்டு வருவாள். "நான்தான் முதல் மாசம் அப்படி இருக்கும்னு சொன்னேனே" என்று ஆரம்பிக்காமல், எத்தனை நாள் போகிறது, எத்தனை துணி மாற்றுகிறாள், வேலைக்குப் போக முடிகிறதா என்று கேளுங்கள். பல சமயம் வலிக்கு நாலைந்து நாள் மாத்திரையும் இரும்புச்சத்தும் கொடுத்தாலே சமாளித்துக்கொள்வார்கள். ஆனால் அதையும் கேட்டுவிட்டு "இல்லைங்க சிஸ்டர், எடுத்துருங்க" என்றால், அன்றைக்கே எடுத்துவிடுங்கள். "இன்னும் ரெண்டு மாசம் பாரு" என்று திருப்பி அனுப்பினால், அவளும் வரமாட்டாள், அவள் தெருவிலிருந்து இன்னும் பத்துப் பேர் வரமாட்டார்கள். நான் எடுத்துவிட்ட ஒருத்தி, ஆறு மாதம் கழித்துத் தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "இந்த சிஸ்டர் வேணாம்னா எடுத்துருவாங்க, பயப்படாம வச்சுக்க" என்று வாசலிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். நாத்தனாருக்கு வைத்தோம். கூட்டிக்கொண்டு வந்தவளும் அன்றைக்கு சாயா அட்டை ஒன்று வாங்கிக்கொண்டு போனாள்.